மண்ணெண்ணெய்க் கதையில் விடுபட்ட வில்

1990இல் பொருளாதாரத் தடை வந்தும் யாழ்ப்பாணத்து ஒஸ்ரின், மொரிஸ் மைனர் கார்கள் ஓய்ந்துபோகேல்லை. கொஞ்சப் பெற்றோலில் ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்தி ஓடினார்கள். இது எல்லாருக்கும் தெரிந்த கதை. சில்லுப் பக்கக் கதையை நாங்கள் பேசுறேல்லை.

1948இல் அறிமுகமான, அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த மைனரின் முன்பக்கம் சுருள்வில் இல்லை; நீளமான முறுக்குக் கம்பிதான். அதன் விட்டம் 10 வீதம் கூடினால் விறைப்பு 46 வீதம் ஏறும். ஒஸ்ரின் ஏ40இலோ சுருள்வில். 8 சுற்றில் ஒன்றை வெட்டினால் கார் பதியும், வில் 14 வீதம் விறைக்கும், குண்டும் குழியுமான றோட்டில் முதுகு முறியும்.

புதுச்சாமான் வராத காலத்தில் இந்தக் கணக்கைப் போட்டவை கராச்சுக் கைகள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்போம்.