பினேயின் சோதனை போன பாதை

எரியும் தீக்குச்சி ஒன்றைக் குழந்தையின் கண்ணெதிரே மெல்ல நகர்த்த வேண்டும். கண்ணும் தலையும் அதைப் பின்தொடர்கின்றனவா என்று பார்க்க வேண்டும். 1905ஆம் ஆண்டு பாரிஸில் வெளியான பினே-சிமோன் சோதனையின் முதல் பகுதி இவ்வளவுதான். மொத்தம் 30 பகுதிகள். போகப் போகக் கடினமாகும். கடைசியில் சலிப்புக்கும் சோகத்துக்கும் என்ன வேறுபாடு என்று கேட்பார்கள். இன்று மருத்துவமனைகளில் உளவியலாளர்கள் பயன்படுத்தும் நுண்ணறிவுச் சோதனைகள் பலவற்றுக்கு மூதாதை இதுதான்.

இது எதற்காக உருவானது என்பதைத் தெரிந்துகொள்வது முக்கியம். பிரான்சில் 1882-ல் கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது. எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கு வந்தபோது, வகுப்போடு சேர்ந்து படிக்க முடியாதவர்களும் வந்தார்கள். அவர்களுக்கு என்ன செய்யலாம் என்று ஆராய 1904-ல் அரசு ஒரு குழுவை அமைத்தது. அதில் ஆல்ஃபிரட் பினேயும் ஒருவர். அதுவரை ஆசிரியருக்கோ மருத்துவருக்கோ தோன்றியதே முடிவு. ஒரே பிள்ளைக்கு மூன்று பேர் மூன்று பெயர் வைப்பார்கள். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் பினேயும் தெயோதோர் சிமோன் என்ற இளம் மருத்துவரும் சோதனையை உருவாக்கினார்கள். யாருக்குக் கூடுதல் உதவி தேவை என்று கண்டுபிடிப்பதே நோக்கம்.

பினே இதற்கு முன்பு பள்ளிப் பிள்ளைகளின் மண்டையை அளந்து பார்த்தவர். கெட்டிக்காரப் பிள்ளைக்கும் மந்தமான பிள்ளைக்கும் மண்டை அளவில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை என்று கண்டதும் அந்த வேலையையே விட்டுவிட்டார். இப்படித் தன் கருத்தைத் தானே கைவிடும் துணிவு எல்லா ஆராய்ச்சியாளருக்கும் வருவதில்லை. 1908-ல் சோதனையைத் திருத்தி, 'மனவயது' என்ற அளவைக் கொண்டுவந்தார். ஆனால் அது மாறாத அளவு என்று அவர் ஒருபோதும் நினைக்கவில்லை. பிறவி அறிவு கூடாது, வளராது என்று பேசியவர்களை 1909-ல் வெளியான தன் நூலில் கடுமையாக எதிர்த்தார். பின்தங்கிய பிள்ளைகளுக்குப் பயிற்சிகளும் வகுத்தார். ஆசிரியர் சைகை காட்டியதும் எல்லாரும் சிலைபோல் அசையாமல் நிற்பது அதில் ஒன்று. கவனத்தை வளர்க்க அந்த விளையாட்டு. 1911-ல், 54 வயதில், பினே காலமானார்.

அதற்குள் சோதனை கடல் கடந்துவிட்டது. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தின் வைன்லேண்ட் என்ற ஊரில் மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான பயிற்சிப் பள்ளி இருந்தது. அங்கு ஆய்வு செய்துவந்த ஹென்றி கோடார்டு 1908-ல் ஐரோப்பா சென்றபோது இதைக் கண்டு, ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். சோதனையைக் கொண்டுவந்தவர் பினேயின் எச்சரிக்கைகளைக் கொண்டுவரவில்லை. மனவளர்ச்சிக் குறைபாடு பரம்பரையாக வருவது, அப்படிப்பட்டவர்கள் பிள்ளை பெறக்கூடாது என்பது கோடார்டின் கருத்து. 1916-ல் லூயிஸ் டெர்மன் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சோதனையை விரிவாக்கினார். மனவயதை உண்மை வயதால் வகுத்து நூறால் பெருக்கும் நுண்ணறிவு ஈவு, அதாவது ஐ.க்யூ., அதன்மூலம்தான் பரவியது.

விளைவு என்ன? வர்ஜீனியா மாநிலத்தில் கேரி பக் என்ற பெண்ணுக்கு ஸ்டான்ஃபோர்டு-பினே சோதனையில் மனவயது 9 என்று வந்தது. அவருடைய தாய்க்கு 8-க்கும் குறைவு. கேரியின் கைக்குழந்தையும் இயல்பாக இல்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். மூன்று தலைமுறையும் கணக்கில் வந்துவிட்டது! 1927-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் கட்டாயக் கருத்தடைச் சட்டம் செல்லும் என்றது. அந்த ஆண்டு அக்டோபரில் கேரிக்கு அறுவை சிகிச்சை நடந்தது. அந்தக் குழந்தை விவியன் பின்னர் பள்ளியில் சிறந்த மாணவர் பட்டியலில் இடம்பெற்றாள். எட்டு வயதில் நோயால் இறந்துபோனாள்.

சோதனையின் குறையை உள்ளிருந்தே கண்டவர் டேவிட் வெக்ஸ்லர். முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவம் சுமார் 17 லட்சம் பேரைச் சோதித்தது. எழுத்துச் சோதனைகளில் தேறாதவர்களைத் தனித்தனியாகச் சோதிக்கும் வேலை இளைஞரான வெக்ஸ்லருக்கு. மனவயது எட்டுதான் என்று முடிவு வந்த ஒருவர், ஊரில் எண்ணெய்க் கிணறு துளைக்கும் தேர்ந்த தொழிலாளியாக இருந்தவர்! வெக்ஸ்லருக்கு இது உறுத்தியது. நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் பணியாற்றியபோது, 1939-ல், பெரியவர்களுக்கென்றே ஒரு சோதனையை வெளியிட்டார். அதில் மனவயது இல்லை. ஒருவரை அவர் வயதுக்காரர்களோடு ஒப்பிட்டார். சராசரி 100. வாய்மொழிக் கேள்விகள் ஒரு பாதி. கட்டைகளை அடுக்கி உருவம் அமைப்பது போன்ற செய்முறைகள் மறு பாதி. மூளையில் அடிபட்டவருக்கு எந்தத் திறன் குறைந்தது, எது தங்கியது என்று பார்க்கவும் இந்தப் பிரிவு பயன்பட்டது.

வைன்லேண்டிலும் ஒரு மாற்றம் நடந்தது. கோடார்டிடம் உதவியாளராக இருந்த எட்கர் டால் 1935-ல் சமூக முதிர்ச்சி அளவுகோலை வெளியிட்டார். புதிர் எதுவும் இல்லை. பிள்ளை தானே சாப்பிடுகிறதா, பித்தான் போடுகிறதா, கடைக்குப் போய் வருகிறதா என்று தாயிடமோ வளர்ப்பவரிடமோ கேட்பதுதான் முறை.

இந்தியாவுக்கு இரண்டு வழியும் வந்து சேர்ந்தன. தார்வாடில் வி. வி. காமத் 1930களில் ஸ்டான்ஃபோர்டு-பினே சோதனையைக் கன்னடத்துக்கும் மராத்திக்கும் ஏற்பத் திருத்தி அமைத்தார். அதுவே பினே-காமத் சோதனை. நாக்பூரில் பாதிரியார் மாலின், வெக்ஸ்லரின் குழந்தைகள் சோதனையையும் டாலின் அளவுகோலையும் இந்தியப் பிள்ளைகளுக்கு ஏற்ப மாற்றினார். மனவளர்ச்சிக் குறைபாட்டுக்குச் சான்றிதழ் கேட்டு வரும் குடும்பங்களிடம் நம் மருத்துவமனைகளில் பல காலமாகப் பயன்பட்டுவருபவை இவைதான். பிள்ளைக்குப் பினே-காமத். பக்கத்தில் அமர்ந்திருக்கும் அம்மாவுக்கு வைன்லேண்ட் கேள்விகள்.