ஒல்மோவும் ஒல்மாவும்

ஸ்பானிய மொழியின் அரச அகராதி, எல்ம் விருட்சத்துக்குரிய 'ஒல்மோ' என்னும் ஆண்பாற் பெயரைக் கூறுவதோடு அமையாது, 'ஒல்மா' என்றொரு பெண்பாற் சொல்லையும் எடுத்து, மிகப் பருத்துத் தழைத்த ஒல்மோவே ஒல்மா என்று பொருள் வகுக்கிறது. பெண்பாலாக்கினால் பொருள் சிறுக்கும் என்று நினைப்பவர்க்கு இது ஆச்சரியமாகலாம். அம்மொழியில் 'உவெர்த்தோ' என்பது வீட்டையொட்டிய தோட்டம். 'உவெர்த்தா' என்பதோ வாய்க்கால் பாய்ந்து பரந்து கிடக்கும் தோட்டவெளி. பருமையைப் பெண்பாலில் வைப்பது அங்கே பழைய சம்பிரதாயம்.

ஸ்பெயின் நாட்டுக் காஸ்தில்லாவின் மேட்டு நிலச் சிற்றூர்களில் மாதா கோயிலுக்கெதிரேயோ ஊர்ச் சதுக்கத்தின் நடுவிலோ நின்ற மரத்துக்கே அப்பெயர் வாய்த்தது. ஊர்ச்சபை கூடியதும், வழக்குப் பேசியதும், கிழவர்கள் வெயில் தாழும்வரை அமர்ந்திருந்ததும் அதன் நிழலில்தான். அதன் இலையொன்றைக் கையிலெடுத்துப் பார்த்தால், மேற்புறம் சொரசொரத்து, அடிப்பாகம் காம்பின் ஒருபுறம் ஏறியும் மறுபுறம் இறங்கியும் கோணலாயிருக்கும். நம் நாட்டு ஆயா மரமும் எல்ம் குடும்பத்ததே; மெல்லிய வட்டச் சிறகின் நடுவே விதையைத் தாங்கிக் காற்றில் விடும் வழக்கம் இரண்டுக்கும் பொது.

ஒல்மோ என்பது 'உல்முஸ்' என்னும் லத்தீன் சொல்லின் வழிவந்தது. இத்தாலியரின் 'ஒல்மோ', பிரெஞ்சுக்காரரின் 'ஒர்ம்', கத்தலானியரின் 'ஓம்' எல்லாம் அதன் சந்ததியே. இங்கொரு விசேஷம் உண்டு. உல்முஸ் என்பது ஆண்பாற் சொற்களுக்குரிய விகுதி பெற்றும், மரப்பெயர்களுக்குரிய மரபுப்படி லத்தீன் இலக்கணத்தில் பெண்பாலாகவே நின்றது. அப்படியிருந்தும், திராட்சைக் கொடியை எல்ம் மரத்தில் ஏற்றி வளர்த்த ரோமானிய உழவர் அதனைக் கலியாணம் என்றே வழங்க, கவிஞர் கத்துல்லுஸ் தம் திருமணப் பாடலொன்றில் அம்மரத்தைக் கொடியின் கணவனாக்கிவிட்டார். கொழுகொம்பற்ற கொடி என்று கைம்பெண்ணைக் குறித்த நம்மவர்க்கு இதன் சுவையை விளக்க வேண்டியதில்லை. பிற்காலத்து ஸ்பானியர் விகுதியைப் பின்பற்றிச் சொல்லை ஆண்பாலாக்கினர். மரம் பெருத்த இடத்தில் மாத்திரம் பெண்பால் மறுபடி தலைகாட்டியது.

இவ்வாறு கொடி ஏற்றுவதற்கு 'அதீனியா' என்னும் இன எல்மே சிறந்ததென்று எழுதிய கொலுமெல்லா, ஸ்பெயினின் தென்கோடியிலுள்ள காதிஸ் நகரிற் பிறந்தவர். இங்கிலாந்து தேசத்து எல்ம் மரங்கள் ரோமர் வழியாக வந்த அந்த ஒரே அதீனியாவின் வேர்க்கன்றுகளே என்று 2004-இல் வெளியான மரபணு ஆராய்ச்சியொன்று கூறிற்று. கோடிக்கணக்கில் நின்றவை உண்மையில் ஒரே மரமானால், ஒன்றைக் கொன்ற நோய் அனைத்தையும் கொல்லுவதில் வியப்பென்ன?

அந்நோய்க்கு வழங்கும் பெயரும் ஒரு விபரீதம். 1921-இல் ஹாலந்து நாட்டுப் பெண் விஞ்ஞானி பேயா ஷ்வார்ட்ஸ் அதற்குக் காரணமான பூஞ்சையைக் கண்டறிய, ஆராய்ந்த தேசத்தின்மேலேயே பழி விழுந்து 'டச்சு எல்ம் நோய்' என்றாயிற்று. அவர் பூஞ்சைக்கு இட்ட 'கிராஃபியம்' என்னும் பெயரிலிருந்து 'கிராஃபியோசிஸ்' என்று சொல்லாக்கிக்கொண்ட ஸ்பானியர் செய்ததே நியாயமென்பேன். பட்டை வண்டு பூஞ்சையைக் கொண்டுவர, அதைத் தடுக்க முயலும் மரம் தன் நீர்க்குழாய்களைத் தானே அடைத்துக்கொண்டு, காலடியில் ஈரமிருக்கவே தாகத்தால் மாய்கிறது. 1980-களில் ஸ்பெயினின் ஒல்மாக்களிற் பெரும்பாலானவை இவ்விதமே பட்டுப்போயின.

தப்பியவற்றுள் தலையாயது, எஸ்பதான், கால்தெரோனா என்னும் மலைத்தொடர்களுக்கிடையே அமைந்த நவாஹாஸ் என்னும் சிற்றூரில் உள்ளது. 1636-இல் நடப்பட்டதாக ஊரார் கூறும் அம்மரத்தின் அடி ஆறு மீட்டருக்கு மேற்பட்ட சுற்றளவுடையது. அது நிற்கும் சதுக்கமும் அதன் பெயராலேயே வழங்குகிறது. நோயைத் தாங்கவல்ல ஏழு எல்ம் வகைகளை 2014-இல் ஸ்பெயின் பதிவுசெய்திருக்கிறது என்றாலும், அவை ஒல்மா என்னும் பட்டத்துக்குரிய பருமை எய்தப் பல தலைமுறைகள் செல்லும். அகராதியின் இலக்கணப்படி நவாஹாஸ் மரம் இன்றே அப்பட்டத்துக்கு உரியது. ஆயினும் அவ்வூரார் அதனை ஒல்மோ என்றே அழைக்கின்றனர்.