அடுக்கில்தான் சூட்சுமம்

கரிமப் பொருள் என்றால் வயருக்கு உறை போடத்தான் லாயக்கு என்றே நாம் படித்தோம். அந்த நம்பிக்கை உடைந்த கதை எனக்குப் பிடித்தமான ஒன்று.

1954-ல் ஜப்பானில் அகமட்சு, இனோகுச்சி, மட்சுனாகா மூவரும் பெரிலீனோடு புரோமினைச் சேர்த்தார்கள். மின்சாரம் ஓடியது, பொருள்தான் நிலைக்கவில்லை. 1973-ல் வந்தது டிடிஎஃப்–டிசிஎன்க்யூ. முன்னது எலக்ட்ரானைக் கொடுக்கும், பின்னது வாங்கும். படிகத்தில் இரண்டும் கலந்து நிற்கவில்லை. தட்டுமேல் தட்டு வைத்தமாதிரி தனித்தனித் தூண்களாக நின்றன. எலக்ட்ரான் தூண் வழியே உலோகத்தில் போல ஓடியது. ஆனால் 54 கெல்வின் அருகே வந்ததும் கதை மாறியது. குளிரக் குளிர நன்றாகக் கடத்த வேண்டியது, அடுக்கு நெளிந்து அடைத்துக்கொண்டது. ஒற்றைப் பரிமாண உலோகத்துக்கு இதுதான் கதி என்று பையர்ல்ஸ் முன்பே சொல்லியிருந்தார்.

அப்படியானால் தூண்களை நெருக்கிப் பார்த்தால் என்ன? கோபன்ஹேகனில் பெக்கார்ட் தயாரித்த உப்பை பிரான்சில் ஜெரோம் குழு 12 கிலோபார் அழுத்தத்தில் வைத்தது. 0.9 கெல்வினில் மின்தடையே காணாமல்போனது. 1980-ல் வெளியான முதல் கரிம மீக்கடத்தி அது.

அடுத்த முறை அடுக்கைக் குலைத்தது ஒளி. கியோட்டோவில் உருவான இடிஓ–டிடிஎஃப் உப்பு, சுமார் 280 கெல்வினுக்குக் கீழே கடத்தாப் பொருள். மின்னேற்றம் பெற்ற மூலக்கூறுகள் தட்டையாகவும் மற்றவை வளைந்தும் நிற்கும். அந்த ஒழுங்கின்மேல் லேசர் துடிப்பு பட்டதும், சில பிகோசெகண்டுகளில் அது கடத்தும் நிலைக்கு மாறியதை 2005-ல் காட்டினார்கள்.

வெப்பம், அழுத்தம், ஒளி: மூன்றும் தொட்டது அடுக்கைத்தான். மூலக்கூறு அதேதான், நிற்கிற விதம் மாறினால் குணமும் மாறிவிடுகிறது.