தோட்டத்துக் கள்ளும் இத்தாலியத் திராட்சை மதுவும்

மது என்றால் முகம் சுளிப்போர் நம்மில் அதிகம். சுளிப்பதற்குக் காரணமும் உண்டு. ஆனால் வரலாறு முகச்சுளிப்போடு நின்றுவிடுவதில்லை. ஒரு நாட்டில் குடிபானம் ஊருக்கே பெருமையாகிறது, இன்னொரு நாட்டில் அதுவே ஓர் இனத்தின் மேல் விழுந்த பழியாகிறது. இது எப்படி நேர்ந்தது என்று கேட்டால்தான் பேராக் தோட்டப்புறத்தின் கதை விளங்கும்.

இத்தாலிய மது தமிழருக்குப் புதிதல்ல. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து மது வந்த இருகாதுச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. யவனர் கொண்டுவந்த தேறலைப் பாண்டியன் பருகியதைப் புறநானூறு சொல்கிறது. அதியமானும் ஔவையும் கள்ளைப் பகிர்ந்து உண்டதும் அதே நூலில் இருக்கிறது. கள்ளுண்ணாமைக்கென்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரும் நம்மவர்தான். ஆக, கள்ளைப் பற்றித் தமிழருக்கு என்றுமே இரண்டு மனம்.

இந்த இரண்டு மனத்தோடுதான் நம் முன்னோர் கப்பலேறி மலாயாவுக்கு வந்தார்கள். விடியுமுன் பெரட்டு, பிறகு பால்வெட்டு, மங்கில் வழிந்த பாலை வாளியில் சேர்த்துச் சுமந்து ஸ்டோரில் நிறுத்துக் கொடுப்பது. பேராக்கின் ரப்பர் தோட்டங்களில் ஒரு நாள் அப்படித்தான் கழிந்தது. லயத்துக்குப் பக்கத்தில் கோயில், பள்ளிக்கூடம், கள்ளுக்கடை. கோயிலுக்கும் பள்ளிக்கும் தொழிலாளர் கெஞ்சிக் கேட்க வேண்டியிருந்த தோட்டங்களிலும் கள்ளுக்கடை கேட்காமலே வந்தது.

கள் இறக்குவது லேசான வேலையல்ல. தென்னம்பாளை விரியுமுன் அதைக் கயிற்றால் இறுகக் கட்ட வேண்டும். நாள்தோறும் பக்குவமாகத் தட்டி, நுனியைச் சீவிக் கலயம் கட்ட வேண்டும். காலையும் மாலையும் மரமேற வேண்டும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் இனிப்பு நீராகவே நிற்கும். தடவாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் இருக்கும் நுண்ணுயிர்கள் சில மணி நேரத்தில் புளிக்க வைத்துவிடும். மறுநாள் அது காடியாகிவிடும்.

இங்கேதான் பெரிய வேறுபாடு. வட இத்தாலியின் பியமோந்தே வட்டாரத்தில் பரோலோ என்ற திராட்சை மது உண்டு. குறைந்தது 38 மாதம் முதிர்ந்த பிறகே அதை விற்கலாம் என்பது சட்டம். அதில் 18 மாதம் மரப் பீப்பாயில் இருக்க வேண்டும். திராட்சை மதுவை வைத்திருக்கலாம், ஏற்றுமதி செய்யலாம், ஆண்டு எழுதி விலை கூட்டலாம். கள்ளை அன்றே குடிக்க வேண்டும். ஆகவே கள்ளுக்கு ஊர் தாண்டிய சந்தையில்லை. குடிப்பவரின் அன்றைய கூலிதான் அதன் சந்தை.

அந்தக் கூலி எவ்வளவு? 1936 இறுதியில் மலாயா வந்த சீனிவாச சாஸ்திரி, 1937 அறிக்கையில், ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்ற பழைய நாட்கூலியை மீட்டுத் தரும்படி பரிந்துரைத்தார். மந்தக் காலத்தில் அதையும் குறைத்திருந்தார்கள். இந்தக் காசிலிருந்து கள்ளுக்கடைக்குப் போனது போக மிச்சம்தான் அடுப்புக்கு. தோட்டத்தில் கள் இல்லாவிட்டால் பட்டணத்துக்குப் போய்ச் சம்சு குடிப்பார்கள் என்பது துரைமார்களின் வாதம். அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. கொஞ்சம்தான்.

எதிர்ப்பு இல்லாமல் போகவில்லை. 1921இல் கள்ளுக்கெதிராகத் தம் தோப்புத் தென்னைகளையே வெட்டச் செய்த பெரியார், 1929 டிசம்பரில் மலாயா வந்து ஈப்போ தமிழர் மாநாட்டில் கலந்துகொண்டார். 1941 கிள்ளான் வேலைநிறுத்தக் கோரிக்கைகளில் கூலி உயர்வோடு, தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் இருந்தது. போருக்குப் பின் கெடாவில் தொண்டர் படை எழுந்தது. 1947இல் பீடோங் பகுதியில் கள்ளுக்கடை மறியலின்போது போலீஸாருடன் மோதல் மூண்டு ஒரு தொழிலாளி உயிரிழந்தார். கள்ளை ஒழிக்கப் போனவர்களைக் கைது செய்து சிறையில் அடைத்த விந்தையை என்னென்பது!

இத்தாலியக் குடியானவன் மட்டும் செழித்தானா என்றால், இல்லை. தொஸ்கானாவில் விளைச்சலில் பாதியை நிலச்சொந்தக்காரருக்குக் கொடுக்கும் வாரமுறை நெடுங்காலம் இருந்தது. புதிய வார ஒப்பந்தங்களை 1964இல்தான் சட்டம் தடுத்தது. பியமோந்தேயின் லாங்கே குன்றுகளில் வறுமை தாங்காமல் 1950, 60களில் இளைஞர்கள் துரின் நகரத்துக் கார் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். ஆனால் அங்கே பல குடும்பங்களுக்குச் சிறு துண்டுக் கொடித் தோட்டமாவது சொந்தமாக இருந்தது. மதுவுக்கு விலை ஏறியபோது அந்தத் துண்டு கைகொடுத்தது. 2014இல் யுனெஸ்கோ அந்தத் திராட்சைக் குன்றுகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இங்கே மரமும் கடையும் லயமும் கம்பெனிக்குச் சொந்தம். 1950களில் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது தொழிலாளிக்கு மிஞ்சியது மூட்டை முடிச்சுதான். சுங்கை சிப்புட்டில் 1919இல் பிறந்த துன் சம்பந்தன் இந்த வேதனையைக் கண்டே 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சீடிம். தோட்டத் தமிழர் தம் காசில் தோட்டம் வாங்க முடியும் என்று காட்டிய காரியம் அது. மற்றத் தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் காலியாயின, கள்ளுக்கடைகளும் மூடப்பட்டன.

குடி மட்டும் மூடப்படவில்லை. பட்டணத்துப் புறம்போக்குகளில் குடியேறியவர்களிடம் மலிவான சம்சு வந்து சேர்ந்தது. கள்ளைவிடப் பல மடங்கு கடுமையானது அது. 2018 செப்டம்பரில் சிலாங்கூர் வட்டாரத்தில் மெத்தனால் கலந்த மலிவு மது பலரைப் பலி கொண்டது. மாண்டவர்களில் பெரும்பாலோர் பிழைக்க வந்த அயல்நாட்டுத் தொழிலாளர்கள். நூறாண்டுக்கு முன் நம் தாத்தாக்கள் இருந்த அதே இடத்தில் இருந்தவர்கள்.

பாகான் டத்தோ பக்கம் தென்னை இன்னும் செழித்து நிற்கிறது, தேங்காய்க்காக. உள்நாட்டில் ரப்பர் இருந்த இடமெல்லாம் செம்பனை. அதன் நடுவே ஒரு மரத்தடியில் முனியாண்டி சூலத்தோடு நிற்பதைக் காணலாம். முன்பு படையலில் சுருட்டோடு கள்ளும் இருக்கும். கள் கிடைக்காத ஊர்களில் இப்போது பீர் போத்தல் வைக்கிறார்கள்.