படைவீரர் மணமுறிவுச் சட்டங்கள்: சென்னை முதல் இன்றைய இந்தியா வரை

தரைப்படை, கடற்படை, வான்படை ஆகியவற்றில் பணிபுரியும் ஒருவரும் அவரது வாழ்க்கைத்துணையும் சட்டப்படி பிரிவது படைவீரர் மணமுறிவு எனப்படுகிறது. இந்தியாவில் இதற்கெனத் தனி மணமுறிவுச் சட்டம் இல்லை. படைவீரரும் பிற குடிமக்களைப் போலவே தத்தம் சமயச் சட்டத்தின் கீழோ, 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழோதான் மணமுறிவு பெற முடியும். எனினும் வழக்கு நடக்கும் முறை, சம்பளத்தின் மீதான ஜீவனாம்ச உரிமை, ஓய்வூதியம் ஆகியவற்றில் படைவீரருக்குத் தனி விதிகள் உள்ளன. எல்லையில் இருக்கும் வீரரைக் காப்பதா, ஊரில் வருமானமின்றி நிற்கும் மனைவியைக் காப்பதா என்ற கேள்விக்குச் சட்டம் காலந்தோறும் தேடிய விடைகளே இவ்விதிகள்.

ஆங்கிலேயர் காலம்

கிறித்தவர்களுக்கான மணமுறிவு 1869ஆம் ஆண்டின் இந்திய மணமுறிவுச் சட்டத்தால் வந்தது. ஆங்கிலேயப் படையினர், ஆங்கிலோ-இந்தியர், இந்தியக் கிறித்தவர் ஆகியோர் இதன்கீழ் வந்தனர். துறைமுகத்தையும் இரயில்வேயையும் சார்ந்து ஆங்கிலோ-இந்தியர் வாழ்ந்த ராயபுரம் மாநகர எல்லைக்குள் இருந்தது. திருவொற்றியூரும் எண்ணூரும் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தன. மாவட்ட நீதிமன்றம் அளித்த மணமுறிவு, உயர் நீதிமன்றம் உறுதி செய்த பின்னரே முழுமை பெற்றது. இந்த நடைமுறை 2001ஆம் ஆண்டுத் திருத்தம் வரை நீடித்தது.

இச்சட்டம் இருபாலரையும் ஒன்றாக நடத்தவில்லை. மனைவிக்குத் திருமணத்துக்குப் புறம்பான உறவு இருந்ததை மட்டும் கணவர் மெய்ப்பித்தால் போதும். மனைவியோ அதனுடன் கொடுமை அல்லது இரண்டாண்டுக் கைவிடல் போன்ற இன்னொரு குற்றத்தையும் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. 2001ஆம் ஆண்டுத் திருத்தமே இவ்வேறுபாட்டை நீக்கி, பரஸ்பர ஒப்புதலின் பேரில் பிரியும் வழியையும் சேர்த்தது.

இங்கிலாந்தைத் தாயகமாகக் கொண்டு இந்தியாவில் பணியாற்றியவர்களுக்கு வேறொரு சிக்கல் எழுந்தது. அத்தகையோரின் திருமணத்தை இந்திய நீதிமன்றங்கள் முறிக்க இயலாது என்று 1921இல் இங்கிலாந்து நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதுவரை இந்தியாவில் மணமுறிவு பெற்று மறுமணம் செய்தவர்களின் நிலை ஐயத்துக்குள்ளானது. பிரித்தானிய நாடாளுமன்றம் அதே ஆண்டு சட்டம் இயற்றிப் பழைய தீர்ப்புகளைச் செல்லுபடியாக்கியது. பின்னர் 1926ஆம் ஆண்டுச் சட்டம், இத்தகைய வழக்குகளை விசாரிக்கும் அதிகாரத்தை இந்திய உயர் நீதிமன்றங்களுக்கு வழங்கியது.

போரும் வழக்கும்

முதல் உலகப்போரில் 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைத் தாக்கியது. அப்போரில் இலட்சக்கணக்கான இந்திய வீரர்கள் கடல் கடந்து சென்றனர். ஊரில் அவர்கள்மீது தொடரப்படும் வழக்குகளில் நேர்நிற்க இயலாமல் ஒருதலைப்பட்சத் தீர்ப்புக்கு ஆளாகும் நிலை ஏற்பட்டது. இதைத் தடுக்க 1918இல் இந்தியப் படைவீரர் வழக்குச் சட்டம் வந்தது. 1925ஆம் ஆண்டுச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது.

இதன்படி, போர் முனையிலோ வேறு சிறப்புச் சூழலிலோ பணிபுரியும் வீரர் நேர்நிற்க இயலாதபோது, நீதிமன்றம் விசாரணையை நிறுத்தி உரிய படை அதிகாரிக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். நீதியின் பொருட்டு ஒத்திவைப்பு தேவை என அதிகாரி சான்றளித்தால் வழக்கு ஒத்திவைக்கப்படும். வீரர் இல்லாதபோது பிறந்த தீர்ப்பை நீக்கக் கோரவும் இடமுண்டு. உரிமையியல் நடைமுறைச் சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது: அழைப்பாணை கட்டளை அதிகாரி வழியாகவே சார்வு செய்யப்படும், விடுப்புக் கிடைக்காத வீரர் தம் சார்பில் வழக்கை நடத்த வேறொருவருக்கு அதிகாரம் அளிக்கலாம். வழக்கை வரம்பின்றி இழுத்தடிக்க இவ்விதிகள் உரிமை தரவில்லை. ஒத்திவைப்புக்கு அதிகாரியின் சான்று இன்றியமையாதது.

இந்துக்களுக்கான மணமுறிவு

பல சமூகங்களில் வழக்காற்று மணமுறிவு இருந்தபோதிலும், இந்துக்களுக்குச் சட்டவழி மணமுறிவு சென்னை மாகாணத்தில் 1949இல்தான் கிடைத்தது. அவ்வாண்டுச் சென்னைச் சட்டம் இருதார மணத்தைத் தடை செய்து, மணமுறிவையும் அனுமதித்தது. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் அதை நீக்கி நாடு முழுமைக்கும் ஒரே முறையைக் கொண்டுவந்தது. 1976ஆம் ஆண்டுத் திருத்தம் பரஸ்பர ஒப்புதல் மணமுறிவைச் சேர்த்தது.

அடிக்கடி இடம் மாறும் படைக் குடும்பங்களுக்கு 2003ஆம் ஆண்டுத் திருத்தம் முக்கியமானது. அதுமுதல் மனைவி தாம் வசிக்கும் இடத்திலேயே மனுத் தாக்கல் செய்யலாம். கணவர் காஷ்மீரிலோ விசாகப்பட்டினத்திலோ பணியில் இருந்தாலும், பெற்றோர் வீட்டுக்குத் திரும்பிய ராயபுரத்துப் பெண் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள குடும்பநல நீதிமன்றத்தை நாடலாம். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையும் 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி உண்டு.

சம்பளமும் ஜீவனாம்சமும்

படைவீரரின் சம்பளத்தை உரிமையியல் நீதிமன்றம் ஜப்தி செய்ய முடியாது என்பது 1950ஆம் ஆண்டின் தரைப்படைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு. இதனால் ஜீவனாம்ச ஆணை பெற்ற மனைவிக்கும் பணம் கைக்கு வராமல் போகலாம். இக்குறையை ஈடுசெய்யும் வழி அதே சட்டத்தில் உள்ளது. மனைவி, பிள்ளைகளின் பராமரிப்புக்காகச் சம்பளத்தில் பிடித்தம் செய்ய மைய அரசோ உரிய அதிகாரியோ ஆணையிடலாம். தரைப்படை ஆணையின்படி மனைவிக்கு 22 விழுக்காடு, ஒவ்வொரு பிள்ளைக்கும் 5.5 விழுக்காடு, மொத்தம் 33 விழுக்காட்டுக்கு மிகாமல் என வரம்பு உள்ளது. மனைவி படைத் தலைமைக்கு விண்ணப்பித்ததும், கணவரிடம் விளக்கம் பெற்ற பின்னரே ஆணை பிறப்பிக்கப்படும்.

1957ஆம் ஆண்டின் கடற்படைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே கூறுகிறது: குடும்பத்தைப் பராமரிக்கும் கடமை கடற்படையினருக்கும் மற்றவர்களைப் போலவே உண்டு, ஆனால் நிறைவேற்றம் நீதிமன்ற ஜப்தி வழியாக அல்லாமல், கடற்படையின் ஆணை வழியாகவே நிகழும். சென்னையின் ஐ.என்.எஸ். அடையாறு தளத்தில் பணிபுரிவோருக்கும் இதுவே பொருந்தும். கடலோரக் காவல்படை 1978ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது.

காணாமற்போன வீரர்கள்

போரில் காணாமற்போனவரின் மனைவி எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்பதற்குச் சட்டங்கள் வெவ்வேறு விடை தருகின்றன. இந்துத் திருமணச் சட்டப்படி ஏழாண்டுகள் தகவல் இல்லாவிட்டால் மணமுறிவு கோரலாம். 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டப்படி நான்காண்டுகள் போதும். 1999 கார்கில் போரில் காணாமற்போன வீரர் ஒருவர் பாகிஸ்தான் சிறையிலிருந்து 2004இல் திரும்பியபோது, அவர் மனைவி மறுமணம் செய்திருந்தார். நீதிமன்றத் தீர்ப்பு பெறாமல் நடக்கும் மறுமணத்தின் ஆபத்தை அந்நிகழ்வு நாட்டுக்கு உணர்த்தியது.

அண்மைத் தீர்ப்புகள்

பரஸ்பர ஒப்புதல் வழக்கில் ஆறு மாதக் காத்திருப்பைத் தகுந்த சூழலில் நீதிமன்றம் தளர்த்தலாம் என உச்ச நீதிமன்றம் 2017இல் கூறியது. குறுகிய விடுப்பில் வரும் வீரர்களுக்கு இது பயன்படுகிறது. மேலதிகாரிகளுக்குத் தொடர்ந்து ஆதாரமற்ற புகார்கள் அனுப்பித் தரைப்படை அதிகாரியின் பதவி வாழ்வைச் சிதைத்தது மனக்கொடுமை என 2021இல் தீர்ப்பளித்தது. திருமணத்துக்குப் புறம்பான உறவு குற்றமல்ல என 2018இல் அறிவிக்கப்பட்டாலும், படைகள் தம் சட்டப்படி ஒழுங்கு நடவடிக்கை எடுக்க அது தடையல்ல என 2023இல் விளக்கப்பட்டது.

மணமுறிவுக்குப் பின்

மணமுறிவு பெற்ற மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியத்தில் உரிமை இல்லை. தகுதியுள்ள பிள்ளைகளுக்கு அவ்வுரிமை தொடர்கிறது. எனவே தீர்ப்புக்கு முன்பே நிரந்தர ஜீவனாம்சம், பிள்ளைகளின் பெயர்ப் பதிவு, வாரிசு நியமன மாற்றம் ஆகியவற்றை முடித்துக்கொள்வது தேவையாகிறது. தீர்ப்பின் நகலைப் படைப் பதிவகத்தில் சேர்க்கும் வரை பழைய பதிவே நிலைக்கும்.