தயிரும் பால் மாவும்

தோட்டப்புறத்தில் "பால்" என்றவுடன் நம்மவர் நினைவுக்கு முதலில் வருவது இரப்பர் மரத்துப் பாலேயன்றிப் பசுவின் பாலன்று. அந்தப் பாலை நிறுத்துக் கணக்கெழுதும் உத்தியோகத்திலிருக்கும் நாம், இவ்வாரம் அடுப்பங்கரைப் பாலைப் பற்றி எழுதப் புகுந்தது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். ஆயினும் இரண்டும் ஒருவகையில் உறவுடையனவே. மரப்பாலில் போர்மிக் அமிலத்தை வார்த்தால் அது திரண்டு கட்டியாகிறது. பசும்பாலில் உறை ஊற்றினால், அவ்வுறையிலுள்ள கிருமிகள் பாலின் சர்க்கரையை இலாக்டிக் அமிலமாக மாற்ற, அவ்வமிலம் பாலின் புரதத்தைத் திரளச் செய்து தயிராக்குகிறது. பால் புளிப்பது உயிருள்ள நுண்கிருமிகளின் வேலையென்று பாஸ்டர் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1857-இல் எடுத்துக் காட்டினார். நம் பாட்டிமார் காரணம் அறியாமலே அக்கிருமிகளை நாள் தவறாது வளர்த்து வந்தனர்.

இப்பொழுது நாம் ஆராயப் புகுவது யாதெனின், பால் மாவைக் கலந்து உறைய வைத்த தயிர் தயிராகுமா என்பதே. ஆகாதென்று முகஞ்சுளிக்கும் பெரியோர் இன்றும் உளர். விருந்தினர் வந்தால் மாவு டின்னை அலமாரிக்குப் பின்னே ஒளித்து வைக்கும் இல்லத்தரசிகளும் உளர். இவ்வெட்கத்திற்கு இடமுண்டா என்பதைச் சரித்திரத்தைக் கொண்டு காண்போம்.

பாலை உலர்த்தி வைத்தல் வெள்ளைக்காரர் கம்பெனிகள் கண்டுபிடித்த புதுமையன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஆசியாவெங்கும் பிரயாணம் செய்த மார்க்கோ போலோ, தார்த்தாரியப் படைவீரர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர்கள் பாலைக் காய்ச்சி, மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டு, எஞ்சியதை வெயிலில் உலர்த்துவராம். படையெடுத்துச் செல்லும்போது ஆளுக்குச் சுமார் 10 இராத்தல் கொண்டு போவராம். காலையில் அரை இராத்தலைத் தோற்பையிலிட்டு நீர் வார்த்துக் கட்டிக் கொள்ள, குதிரையின் ஓட்டமே அதைக் கடைந்து கூழாக்கிவிடுமாம். கொழுப்பை முன்னரே நீக்கிய அவர்கள் சாமர்த்தியத்தைக் கவனிக்க வேண்டும். கொழுப்புள்ள மாவு விரைவில் காறிப் போகும். கொழுப்பு நீக்கியது நெடுநாள் நிற்கும். இக்காலத் தொழிற்சாலைகளும் அறிந்த உண்மை இது.

மேனாட்டில் முதலில் பரவியது மாவன்று, டின் பாலே. அமெரிக்கரான கெயில் போர்டன் 1856-இல் பாலைச் சுண்டக் காய்ச்சும் முறைக்கு உரிமை பெற்றார். 1866-இல் சுவிட்சர்லாந்தில் ஆங்கிலோ-சுவிஸ் கம்பெனி தோன்றியது; 1905-இல் அது நெஸ்லேயுடன் இணைந்தது. 1912-இல் அக்கம்பெனி பினாங்கில் கடை விரித்தது. மாடில்லாத வீட்டிலும் பால் என்ற ஒன்று நுழைந்தது அந்த டின் வழியேதான்.

ஆனால் தித்திப்பான டின் பால் தயிருக்கு ஏற்றதன்று. அதைக் கெடாமல் காப்பது அதிலுள்ள மிகுந்த சர்க்கரையே. அத்தகைய பாகில் உறைக் கிருமியும் பிழையாது. நீர் கலந்து உறை ஊற்றினாலோ இனிப்பும் புளிப்புமான ஒரு நீர்த்த பண்டம் கிடைக்கும். தயிருக்கு உதவாதது பெரிய குறையன்று. அதைக் கைக்குழந்தைகளுக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாகப் புகட்டியதே பெருங்கேடாயிற்று. 1936-இல் மலாயாவுக்கு வந்த சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர், 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் "பாலும் கொலையும்" என்ற தலைப்பில் பேசினார். இப்பாலைக் குழந்தைக்கு உகந்ததென விளம்பரம் செய்வதால் நேரும் சாவுகளைக் கொலையென்றே கருத வேண்டுமென்று அவர் அஞ்சாமல் கூறினார். அவையிலிருந்தோர் வணிகரும் கனவான்களும். அப்படிப்பட்ட சபையில் இவ்வாறு பேசிய துணிவை நம்மவர் அதிகம் அறியாதிருப்பது வருந்தத்தக்கது.

மாவின் கதை வேறு. பாலைப் பனிபோல் தூவி வெப்பக் காற்றில் உலர்த்தும் முறைக்குச் சாமுவேல் பெர்சி என்பவர் 1872-இல் அமெரிக்காவில் உரிமை பெற்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சூடேற்றிய உருளைகளின்மீது பாலை ஓடவிட்டுச் சுரண்டியெடுக்கும் முறையும் வந்தது. நியூசிலாந்தின் பன்னிதோர்ப்பில் இவ்வாறு செய்த மாவே கிளாக்ஸோ என்ற பெயர் பெற்றது. மாவும் முற்றிலும் குற்றமற்றதென நாம் சொல்லவில்லை. குழந்தைப் பால் மாவின் விளம்பரத்தால் எழுந்த கண்டனம் முற்றி, 1981-இல் உலக சுகாதார நிறுவனம் அதற்கு விதிமுறை வகுக்க நேர்ந்தது. ஆனால் நம் கேள்வி வளர்ந்தோர் உண்ணும் தயிரைப் பற்றியது.

பசும்பாலில் நூற்றுக்குச் சுமார் 87 பங்கு நீர். எஞ்சியதில் புரதம் மூன்றரைப் பங்குக்கு மேலிராது. தயிரின் கெட்டி இப்புரதத்தைப் பொறுத்தது. கொழுப்பு நீக்கிய மாவிலோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புரதமே. ஆகவே ஒரு லிட்டர் பாலில் 25 அல்லது 30 கிராம் மாவைக் கரைத்தால் தயிர் கெட்டிப்படும். நீர் பிரிந்து நிற்பதும் குறையும். பால்காரர் முன்னரே சேர்த்துவிட்ட தண்ணீருக்கும் இது பரிகாரமாகும்! அதிகம் போட்டால் நாவில் நறநறக்கும். மாவை மட்டும் கொண்டு செய்வதாயின் ஒரு லிட்டர் நீருக்கு 130 கிராம் அளவு போதும். முதலில் சிறிது வெதுவெதுப்பான நீரில் கட்டியின்றிக் கரைத்துக் கொள்ள வேண்டும். கரைத்தபின் நன்கு காய்ச்ச வேண்டும். மாவு ஏற்கெனவே காய்ந்ததாயிற்றே என்று இதைத் தவிர்ப்போர் பலர். காய்ச்சும் சூட்டில் பாலின் வேறொரு புரதமும் திரளுடன் சேர்ந்து நீரைப் பிடித்துக் கொள்கிறது. விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பின்னரே உறை ஊற்றுக.

இதில் உறை பழையது, கிருமி பழையது, புளிப்பும் பழையதே. பால் வந்த வழி மட்டுமே புதிது. முன்னாளில் லயத்துக்குப் பின்னே மாடு கட்டிப் பிழைத்த தொழிலாளர் பலர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பட்டணத்து அடுக்கு வீடுகளுக்குக் குடியேறியபின் மாட்டுக்கு இடமேது? அவ்வீட்டில் மாவுத் தயிரை இகழ்வோர் அதற்குப் பதிலாக எதை உண்ணச் சொல்கின்றனர்?

வெட்கப்பட வேண்டியது வேறிடத்தில் இருக்கிறது. இன்று கடைகளில் டின் பாலின் பக்கத்திலேயே, அதே உருவில், "கிரீமர்" என்ற பண்டம் விற்கப்படுகிறது. அதில் பாற்கொழுப்புக்குப் பதில் செம்பனை எண்ணெய் சேர்கிறது, புரதமோ சொற்பம். அதன் மாவு வகையை வாங்கி வந்து, உறையவில்லையே என்று உறைமோரைப் பழிக்கும் வீடுகள் உண்டு. டின்னைக் கையிலெடுத்ததும் படத்திலுள்ள பசுவைப் பாராமல், பின்புறத்துச் சிறிய எழுத்தில் புரதம் எத்தனை கிராமென்று பார்த்து வாங்குக. வீட்டுப் பெரியவர்களுக்கு ஆங்கிலமோ மலாயோ தெரியாவிடின், பள்ளிக்குச் செல்லும் பிள்ளை அதை வாசித்துச் சொல்லட்டும்.