மாதா கோயில் என்னும் பெயர்

மலாக்காவின் செங் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த நமக்கு எந்தக் கிறித்துவ ஆலயமும் ‘மாதா கோயில்’தான். மெதடிஸ்ட் சபையார் காதில் விழுந்தால் உடனே திருத்துவார்கள்: “எங்களோடது மாதா கோயில் இல்லைங்க, சபை.” மாதாவுக்குப் பீடம் வைப்பதும் அவரிடம் மன்றாடுவதும் அவர்கள் வழக்கமில்லை. இந்தத் திருத்தத்துக்குப் பின்னால் ஒரு போர் இருக்கிறது. அது நம் மலாக்காவிலேயே நடந்தது.

1521-இல் போர்த்துக்கீசியரான துவார்த்தே கொயேல்யு மலாக்கா நகரக் குன்றின் மேல் ஒரு சிற்றாலயம் எழுப்பினார். குன்றின் அன்னை என்று அதற்குப் பெயர். அசல் மாதா கோயில். முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணியாற்றிவிட்டு 1545-இல் மலாக்கா வந்த பிரான்சிஸ் சவேரியாரின் உடல், 1553-இல் கோவாவுக்குப் போகும் வழியில் சில மாதம் இங்குதான் அடக்கம் செய்யப்பட்டிருந்தது.

1641 ஜனவரியில் டச்சுக்காரர், ஜொகூரின் துணையோடு கோட்டையைப் பிடித்தனர். அவர்கள் புராட்டஸ்டண்ட் சீர்திருத்த சபையினர். ஆலயத்தை இடிக்காமல் தமதாக்கிக்கொண்டு, புனித பவுல் என்று பெயரை மாற்றினர். மரியாளை எடுத்துவிட்டுப் பவுலை வைத்ததைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. விசுவாசத்தால் மட்டுமே மீட்பு என்ற சீர்திருத்தக்காரரின் வாதம் பெரிதும் பவுலின் நிருபங்களை நம்பி நின்றது. கத்தோலிக்கர் வழிபடத் தடை வந்தது. அவர்கள் மறைவாகக் கூடினர். அவர்களுக்கென்று புனித பேதுரு ஆலயம் எழுந்தது 1710-இல்தான். 1753-இல் அடிவாரத்தில் கிறிஸ்து ஆலயம் கட்டி முடிந்ததும் டச்சுக்காரர் இறங்கிவிட, மேலே இருந்தது இடுகாடானது. இன்று கூரையில்லாத அந்தச் சுவர்களில் ஆளுயரக் கல்லறைக் கற்கள் சாய்ந்து நிற்கின்றன. 1598-இல் இறந்த ஜப்பான் ஆயர் பெத்ரோ மார்த்தின்சின் கல்லும் டச்சுக் குடும்பத்தாரின் கற்களும் ஒரே கூடத்தில்.

அதே டச்சுக்காரர் 1658-இல் முத்துக்குளித்துறையின் தூத்துக்குடியையும் பிடித்து, கத்தோலிக்கரை ஒடுக்கினர். பரதவர் தங்கள் பனிமய மாதாவை விடவில்லை. தமிழர் வாயில் ‘மாதா கோயில்’ இவ்வளவு ஆழமாக ஊன்றியதில் வேளாங்கண்ணியோடு அந்தப் பிடிவாதத்துக்கும் பங்குண்டு என்பது என் கணிப்பு. தோட்டத்துக்குப் பிழைக்க வந்தவர்கள் அந்தச் சொல்லையும் கொண்டுவந்தார்கள்.

மலாய் மொழியிலும் இதே கதைதான். ஆலயத்தைக் குறிக்கும் ‘கெரெஜா’ என்பது ‘இக்ரெஜா’ என்ற போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது. டச்சுக்காரர் நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் ஆண்டும் அவர்களுடைய ‘கெர்க்’ இங்கே ஒட்டவில்லை. புராட்டஸ்டண்ட் சபைகளின் பெயர்ப்பலகையிலும் இன்று கெரெஜாதான்.

குன்றுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களே, புனித பவுல் என்று சொல்லுமுன் 1521-ஆம் ஆண்டுப் பெயரைச் சொல்லிக்கொடுங்கள். சபைக்காரரின் ஆலயத்தைச் சபை என்றே அழைக்கவும் பழக்குங்கள்.